டிராக் கிரஷரை வாடகைக்கு ஓட்டிப் பார்த்த கணக்கு

மொபைல் கிரஷர், அதாவது கல் கிடக்கும் இடத்துக்கே போய் ஜல்லியாக உடைக்கும் மெஷின், வாங்கலாமா என்று கேட்டு அவ்வப்போது யாராவது கூப்பிடுவார்கள். பெரும்பாலும் எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக் முதலாளிகள். போர்வெல் வண்டி ஓட்டிச் சம்பாதித்தவர்களுக்கு டீசலும் ஹைட்ராலிக்கும் பழகிய விஷயம், அதனால் அடுத்ததாகக் கண் கிரஷர் மேல் போகிறது. "மணிக்கு இருநூறு டன் உடைக்குமாமுங்க?" என்பதுதான் முதல் கேள்வி. நான் பதிலுக்குக் கேட்பது: கல் எங்கே கிடக்கிறது, ஜல்லி எங்கே போகணும், மொத்தம் எத்தனை டன்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாதவர்களிடம் மெஷினைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்குவதில்லை.

காரணம் இதுதான். ரோடு வேலையில் ஒரு பாறையை வெட்டிக்கொண்டு போகிறோம் என்று வையுங்கள். பதினைந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு நிலையான கிரஷர் இருக்கிறது. போல்டர் (உடைக்காத பெரிய கல்) பதினைந்து கிலோமீட்டர் போகும், உடைந்த ஜல்லி அதே பதினைந்து கிலோமீட்டர் திரும்பி வரும். ஒவ்வொரு டன்னும் முப்பது கிலோமீட்டர் பயணம். போல்டர் ஏற்றும்போது இன்னொரு நஷ்டமும் உண்டு. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சந்து விழுவதால் டிப்பர் நிறைந்த மாதிரி தெரியும், எடை மேடையில் ஏற்றினால் டன் குறையும். இடத்திலேயே உடைத்தால் இந்தப் போக்குவரத்து அத்தனையும் மிச்சம். டிராக் கிரஷரின், அதாவது சங்கிலிப் பட்டையில் ஊர்ந்து போகும் மொபைல் கிரஷரின், லாபம் இந்த மிச்சத்துக்குள்தான் இருக்கிறது, உடைக்கும் கூலியில் இல்லை. உடைக்கும் செலவு மட்டும் பார்த்தால் மின்சாரத்தில் ஓடும் நிலையான கிரஷர்தான் எப்போதும் மலிவு.

அளவுக் கணக்கில் ஏமாறாதீர்கள். நம்ம ஊர்க் கருங்கல் வெட்டாமல் இருக்கும்போது ஒரு கனமீட்டர் சுமார் 2.65 முதல் 2.7 டன். வெடி வைத்துக் கலைத்தால் அதே கல் ஏறக்குறைய ஒன்றரை கனமீட்டர் இடம் பிடிக்கும். ஜல்லிக்காரர் பேசுவது யூனிட்டில்: 100 கனஅடி, அதாவது 2.83 கனமீட்டர், நாலு டன்னுக்குக் கொஞ்சம் மேல். கான்ட்ராக்டர் பேசுவது கனமீட்டரில், கனிமத் துறையின் சீட்டு ஒரு அளவில், மெஷின் கேட்டலாக் டன்னில். எந்த அளவில் பேசுகிறோம் என்பதை முதல் நாளே எழுதி வாங்காவிட்டால் பில் போடும் நாளில் சண்டை நிச்சயம்.

என் கணக்கில் 50,000 டன்னுக்குக் கீழே இருந்தால் டிராக் கிரஷரைக் கூப்பிடக் கூடாது. நடுத்தர ஜா (தாடை போல நசுக்கும் முதல் கிரஷர்) ஒன்றைக் கேட்டலாக் மணிக்கு 200 டன் என்று சொன்னாலும் நான் 140, 150 என்றுதான் எடுப்பேன். எட்டு மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் 30,000 டன். 50,000 டன் என்பது இரண்டு மாதத்துக்கும் குறைவான வேலை. அதற்காக மூன்று மெஷினை லோ-பெட்டில் (தாழ்வான டிரெய்லரில்) ஏற்றி, இறக்கி, மேடை கட்டி, செட் செய்து, பிறகு அத்தனையும் பிரித்து ஏற்றுவது கட்டுபடியாகாது.

மூன்று மெஷின் என்றேனே, அது என்னவென்றால் முதலில் ஜா, பிறகு ஜா உடைத்ததை இன்னும் சின்னதாக்கும் கோன், கடைசியில் சல்லடை. டிராக்கில் வருவது தானே ஊர்ந்து நகரும், ரிமோட்டில் ஓட்டலாம். வீலில் வருவது இழுவை வண்டியில் கட்டி இழுக்க வேண்டியது, ஆனால் விலை குறைவு. வருஷக்கணக்கில் ஒரே குவாரியில் நிற்கப் போகிறது என்றால் டிராக்குக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை. ஜாவின் அடிப்படை அமைப்பு 1858-ல் அமெரிக்காவில் ஈலை விட்னி பிளேக் காப்புரிமை வாங்கியது. அவரும் ரோட்டுக்கு ஜல்லி போடும் தொல்லையில்தான் அதைக் கண்டுபிடித்தார். ஒரு தாடை நிற்கும், இன்னொன்று அசையும், நடுவில் கல் நசுங்கும். இத்தனை வருஷத்தில் மாறியது பேரிங், ஹைட்ராலிக், கன்ட்ரோல் இவைதான்.

நகர்த்துவதைப் பற்றிக் கொஞ்சம். 'மொபைல்' என்ற பெயரைப் பார்த்து, வாரம் ஒரு இடம் என்று திட்டம் போடும் இன்ஜினியர்களைப் பார்த்திருக்கிறேன். சைட்டுக்குள் நூறு மீட்டர் ஊர்வது வேறு, ஊர்விட்டு ஊர் போவது வேறு. நாற்பது டன் ஜா லோ-பெட்டில் ஏறினால் அகலமும் உயரமும் சாதாரண லாரிக்கு அனுமதித்த அளவைத் தாண்டும். தனி அனுமதி வேண்டும். அதற்கு முன் ஒருவரை பைக்கில் அனுப்பி வழியைப் பார்க்கச் சொல்வேன். பழைய சிறுபாலம், ரயில்வே கேட்டின் உயரக் கம்பி, ஊருக்குள் தாழ்ந்து தொங்கும் ஒயர், கோயில் திருவிழாவுக்குக் கட்டிய வளைவு என்று நாலைந்து இடத்தில் மாட்டும். மேப்பில் குறுக்கு வழி காட்டும், அதில் போகாதீர்கள்.

இறக்கிய பிறகு முதல் வேலை சமதளம். ரசமட்டம் வைத்துப் பார்க்கிற அளவுக்குச் சமமாக இருக்க வேண்டும். ஜா லேசாகச் சாய்ந்து நின்றால், கல்லை உள்ளே தள்ளும் ஃபீடரில் கல் ஒரு ஓரமாக ஓடும், தாடைத் தகடு ஒரு பக்கம் மட்டும் தேயும். கோனுக்கு இது இன்னும் மோசம். சல்லடை சாய்ந்தால் ஜல்லி ஒரு பக்கமாக ஒதுங்கி, சலிக்காமலே கடைசி வரை ஓடி, முக்கால் ஜல்லிக் குவியலில் தூள் கலந்து விழும். ஜல்லியைச் சோதிக்கும் லேப்காரர், மெஷ் (சல்லடை வலை) கிழிந்துவிட்டது என்பார். மெஷ் நன்றாகவே இருக்கும்.

அடுத்து ஹிட்டாச்சி நிற்கும் மேடை. (எந்தக் கம்பெனி எக்ஸ்கவேட்டராக இருந்தாலும் சைட்டில் அதற்குப் பெயர் ஹிட்டாச்சிதான்.) போல்டரும் தூளும் போட்டு, ஹாப்பர் (கல் கொட்டும் தொட்டி) விளிம்பு உயரத்துக்கு மேடை கட்ட வேண்டும். மேடையில் நிற்கிற ஆபரேட்டருக்கு ஜாவின் வாய் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கீழே தரையில் நின்று அண்ணாந்து கொட்டினால் உள்ளே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கல் நிறைந்திருக்கும்போதும் கொட்டுவார், காலியாக இருக்கும்போது பீடி பற்ற வைப்பார். ஹிட்டாச்சியின் கை சுழற்சியும் தொண்ணூறு டிகிரிக்குள் இருக்க வேண்டும். முழுவட்டம் சுற்றிக் கொட்டுகிற இடத்தில் ஜா பாதி நேரம் வெறுமனே ஆடிக்கொண்டிருக்கும், டீசல் செலவு மட்டும் குறையாது.

பிளான்ட் முழுக்க எவ்வளவு உடைக்கும் என்பதை முடிவு செய்கிறவர் இந்த ஹிட்டாச்சி ஆபரேட்டர். கிரஷர் ஆபரேட்டருக்குக் கூடக் கொடுத்து, ஹிட்டாச்சிக்குக் கிடைத்த ஆளைப் போடுகிற முதலாளிகளுக்கு இது புரிவதில்லை. என்னிடம் இருந்த நல்ல ஆபரேட்டர் ஒருவர் ஜார்க்கண்டுக்காரர், தமிழ் பாதிதான் வரும். அவர் கொட்டுவதற்கு முன் பக்கெட்டை ஒரு தட்டுத் தட்டுவார். மண் உதிரும். பெரிய கல்லைப் பக்கெட் முதுகால் ஒதுக்கி ஓரமாகத் தள்ளி வைப்பார், மத்தியானம் பிரேக்கர் (கல் உடைக்கும் ஹைட்ராலிக் சுத்தியல்) வந்து அதை உடைக்கும். ஹாப்பரில் முதலில் பொடிக்கல் கொட்டி, அதன் மேல்தான் பெரிய கல்லை இறக்குவார். ஃபீடர் தகட்டில் நேரடியாக அடி விழாது. அவர் லீவில் போன வாரங்களில் உற்பத்தி மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மெஷின் அதேதான், கல்லும் அதேதான்.

கல் அளவுக்கு ஒரு விதி உண்டு. ஜாவின் வாய் திறப்பில் எண்பது சதவீதத்துக்கு மேல் பெரிய கல் உள்ளே போகக் கூடாது. வாய் 700 மி.மீ. என்றால் 560. முதலாளி குவாரியில் நின்று "அட, அது உள்ள போயிரும், போடப்பா" என்பார். போகும். ஆனால் இரண்டு தாடைக்கும் நடுவே பாலம் மாதிரி குறுக்கே உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் அரை மணி நேரம் எல்லாம் நிற்கும். இதைச் சரிசெய்ய வேண்டிய இடம் கிரஷர் இல்லை, வெடி வைக்கிற இடம். துளைகளுக்கு நடுவே இடைவெளியைக் கொஞ்சம் குறைத்தால் வெடிமருந்துச் செலவு ஏறும், பிரேக்கர் செலவும் நிற்கும் நேரமும் அதைவிட அதிகமாக இறங்கும். குவாரிக்காரரும் கிரஷர்காரரும் வேறு வேறு ஆளாக இருந்தால் இந்தக் கணக்கு யாருக்கும் கண்ணில் படாது; அவரவர் செலவை அவரவர் மிச்சம் பிடிப்பார்கள்.

வாயில் கல் மாட்டினால் என்ன செய்ய வேண்டும் என்பதை நான் எந்த சைட்டுக்குப் போனாலும் முதல் நாளே எல்லோரையும் நிற்க வைத்துச் சொல்வேன். கடப்பாரையோடு யாரும் ஜாவுக்குள் இறங்கக் கூடாது. மெஷின் ஆஃப் ஆகிவிட்டது என்பதால் ஆபத்து போய்விடவில்லை. ஃப்ளைவீல் நின்றிருக்கும், ஆனால் தாடைகளுக்கு நடுவே கல் இறுக்கத்தில் இருக்கும். ஒரு பக்கம் நெம்பினால் ஈரக் கையில் அழுத்திப் பிடித்த சோப்பு வழுக்கி எகிறுவது போல மேலே பாயும். அதன் எடை இருநூறு கிலோ. வேறொரு குவாரியில் ஹெல்பர் ஒருவருக்கு இப்படித்தான் தாடை எலும்பு உடைந்தது, தலை தப்பியது அதிர்ஷ்டம். இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டு, இணைப்பைத் துண்டிக்கும் ஐசொலேட்டரைப் பூட்டிவிட்டு, ஹிட்டாச்சியில் மாட்டிய பிரேக்கரால் மேலிருந்து உடைக்க வேண்டும். ஆள் பிளாட்ஃபாரத்தை விட்டு இறங்கி நிற்க வேண்டும். சங்கிலி கட்டித் தூக்கும் வித்தையும் வேண்டாம். பெல்ட் ஓடும்போது டெயில் ரோலரில் (பின்முனை உருளையில்) ஒட்டிய மண்ணை மண்வெட்டியால் சுரண்டுவது இன்னொரு கெட்ட பழக்கம். மண்வெட்டியை ரோலர் இழுத்தால் கையை விட நேரம் இருக்காது.

மண் விஷயம். மழைக்குப் பிறகு மேல்மண்ணோடு சேர்ந்து வரும் கல்லை அப்படியே கொட்டக் கூடாது. ஜாவுக்கு முன்னால் கிரிஸ்லி கம்பிகள் உண்டு, அதன் வழியே விழும் மண்ணையும் பொடியையும் பக்கவாட்டு பெல்ட் வெளியே தள்ளும். அந்த பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு எல்லாவற்றையும் ஜல்லியோடு சேர்த்து விடுகிறவர்கள் உண்டு, டன் ஏறுமே என்று. வெட் மிக்ஸுக்கு (ரோட்டின் அடித்தளத்துக்கு ஈரமாகக் கலந்து போடும் ஜல்லி) போகும் கலவையில் 425 மைக்ரான் சல்லடைக்குக் கீழே இறங்கும் பகுதியின் பிளாஸ்டிசிட்டி இன்டெக்ஸ் (களித்தன்மையின் அளவு) 6-ஐத் தாண்டக் கூடாது. களிமண் கொஞ்சம் கலந்தாலே தாண்டிவிடும், அன்றைய குவியல் முழுக்க ரிஜெக்ட். பக்கவாட்டில் விழுவதைத் தனியாகக் குவித்தால் கரை போடவோ உள் ரோட்டுக்கோ தாராளமாகப் போகும்.

பக்கெட் பல் தொலைவது சின்ன விஷயமாகத் தெரியும். ஹிட்டாச்சியின் பல் ஒன்று கழன்று கல்லோடு போனால் ஜா அதைக் கடித்துத் துப்பிவிடலாம், கோன் துப்பாது. பெல்ட்டுக்கு மேலே காந்தம் தொங்குமே என்று நம்பியிருக்க வேண்டாம். பல் அலாய் ஸ்டீல், காந்தம் பிடிக்கும். ஆனால் மேலே கனமாகக் கல் மூடியிருந்தால் காந்தத்தால் இழுத்து எடுக்க முடியாது. ஜா தகடு உடைந்து ஒரு துண்டு போனால் காந்தம் அதைத் தொடவே தொடாது, ஏனென்றால் மாங்கனீஸ் ஸ்டீல் காந்தத்தில் ஒட்டாது. அதனால் டீக்கு நிறுத்தும்போதும் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போதும் ஹெல்பர் பக்கெட்டைத் தரையில் வைக்கச் சொல்லிப் பல்லை எண்ணுவார். ஒன்று குறைந்தால் கண்டுபிடிக்கும் வரை கோன் ஓடாது.

அந்த மாங்கனீஸ் தகடு அடி வாங்க வாங்க இறுகும். நிற்கும் தாடையில் கீழ்ப்பாதி வேகமாகத் தேயும். பாதி தேய்ந்ததும் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் இன்னொரு வாழ்வு கிடைக்கும். புதிதாக மாட்டிய தகட்டின் போல்ட்டை முதல் ஷிஃப்ட் முடிந்ததும் மறுபடி இறுக்க வேண்டும், உட்காரும்போது லூசாகும். கீழ் இடைவெளியை, சைட்டில் 'செட்டிங்' என்போம், வாரம் ஒரு தடவையாவது அளக்க வேண்டும். 75 மி.மீ. ஜி.எஸ்.பி. (ரோட்டின் கீழ் அடுக்குக்குப் போடும் கல் கலவை) வேண்டும், ஜாவை 75-ல் வைத்தால் ஆயிற்று என்று நினைக்காதீர்கள். செட்டிங்கை விடப் பெரிய கல் நிறைய வெளியே வரும்; தட்டையான கல் நீளவாக்கில் நழுவி இறங்கிவிடும். கீழே ஒரு சல்லடை இல்லாமல் அளவு பிடிக்காது.

தட்டைக்கல் தொல்லை கோனில்தான் உச்சத்துக்குப் போகிறது. ஒரு நான்குவழிச் சாலை வேலையில் லேப்காரர் சாக்கை விரித்து உட்கார்ந்து, ஒவ்வொரு ஜல்லியாக கேஜின் சந்தில் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தில் நுழைவது ஒரு குவியல், நுழையாதது ஒரு குவியல். பிறகு நீளக்கல்லுக்கு இன்னொரு கேஜ். வெட் மிக்ஸில் தட்டையும் நீளமும் சேர்த்து 35 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், எங்களுடையது நாற்பதைத் தாண்டி நின்றது. "உங்க கல்லே இப்படித்தான் சார், பாறை அப்படி" என்று கான்ட்ராக்டர் ஆள் சமாளித்தார். பாறைக்கும் அதில் பங்கு உண்டு, பட்டை பட்டையாக இருக்கும் நைஸ் (gneiss) வகைப் பாறை தட்டையாகத்தான் பிளக்கும். ஆனால் கோனின் மேலே ஏறிப் பார்த்தபோது உள்ளே பாதிதான் கல் இருந்தது. கோன் வாய் நிறைய நின்றால்தான் கல்லும் கல்லும் ஒன்றோடொன்று உரசி முனை மழுங்கும். பாதி காலியாக ஓடினால் ஒவ்வொரு கல்லும் தனியாக ஒரே அடி வாங்கித் தகடாகப் பிளந்து விழும். கோனின் உள்தகடான லைனரிலும் ஒரே இடத்தில் பள்ளம் விழும்.

ஜா அனுப்புவது குறைவு, கோன் தின்பது அதிகம் என்பதுதான் அங்கே விஷயம். கோனுக்கு முன்னால் குவியல் வைத்துக்கொண்டு நிறைந்த பிறகே ஓட்டுவது, இல்லாதபோது நிறுத்திவிடுவது என்று மாற்றினோம். சல்லடையில் நின்ற பெரிய கல்லைத் திரும்பக் கோனுக்கே விடும் ரிட்டர்ன் பெல்ட்டையும் போட்டோம். அடுத்த டெஸ்ட்டில் முப்பதுக்குப் பக்கத்தில் வந்தது. ஓடிய மணி நேரம் குறைந்தது, டீசலும் மிச்சம். கோன் இன்ஜின் ஜாவை விட அதிகமாகக் குடிக்கும், அதை வெறுமனே ஓட விடுவது காசை எரிப்பது.

வடிவம் நன்றாக வரும், விலையும் குறைவு என்று இம்பாக்டர் (கல்லை நசுக்காமல் அடித்து உடைக்கும் கிரஷர்) வாங்கச் சொல்லும் ஏஜென்ட் வருவார். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல்லுக்கு அது தங்கம். சிலிக்கா நிறைந்த நம்ம கருங்கல்லில் அதன் ப்ளோ பார் (கல்லை அடிக்கும் இரும்புக் கட்டை) பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரையும். இடித்த கட்டடக் கான்கிரீட்டுக்கும் இம்பாக்டர் சரியான மெஷின். சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டட இடிபாட்டைப் பதப்படுத்தும் பிளான்ட்கள் வந்துவிட்டன. கான்கிரீட் ஜல்லிக்கான ஐ.எஸ். 383 என்ற இந்தியத் தரநிலையின் 2016 திருத்தம் அந்த மறுசுழற்சி ஜல்லியைக் கம்பி போட்ட கான்கிரீட்டில் எம்-25 கிரேடு வரை 20 சதவீதம் சேர்க்க அனுமதிக்கிறது. இனி புதிதாக இறங்குகிறவர்கள் குவாரியை விட இந்தப் பக்கம் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

தூசி. ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிக்கும் என்பது பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கத்தில் வேலை செய்த எவருக்கும் தெரியும். ஊர் மேற்கே இருக்கும்படி, கிரஷர் கிழக்கே நிற்கும்படி போட்டால் ஆனி, ஆடியில் பிரச்சனை இல்லை. ஐப்பசிக்குப் பிறகு காற்று வடகிழக்காகத் திரும்பும், அதே தூசி ஊருக்குள் போகும். பருத்தி இலை வெள்ளை பூத்துப்போய் நிற்பதைக் கையில் பறித்துக்கொண்டு வந்து ஒரு அம்மா காட்டியபோது பதில் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை. ஜா வாயிலும் ஒவ்வொரு பெல்ட் முனையிலும் ஸ்ப்ரே நாசில் ஓட வேண்டும். ஆனால் நாசிலில் கலங்கல் தண்ணீர் விட்டால் இரண்டு நாளில் அடைத்துக்கொள்ளும், ஃபில்டர் போடுங்கள். தண்ணீர் டேங்கர் வரவில்லை என்றால் கிரஷர் ஓடக் கூடாது. கருங்கல் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கினால் சிலிகோசிஸ், அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. முகத்தில் துண்டு கட்டுவது அந்த நுண்தூசிக்கு எதுவுமே செய்யாது. என்95 வாங்கிக் கொடுத்தும் வியர்க்கிறது என்று கழற்றி வைப்பார்கள், சண்டை போட்டாவது போட வைக்க வேண்டும். ஆபரேட்டரை ஏ.சி. கேபினில் கதவு சாத்தி உட்கார வைத்துவிட்டு, பெல்ட் அடியில் நிற்கும் ஹெல்பரை மறந்துவிடுகிறோம். தூசியை அதிகம் தின்பது அவர்தான்.

பேப்பர் வேலையில் ஒன்று மட்டும். மெஷின் நகர்கிறது என்பதால் அனுமதி தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு கிரஷருக்கு வேண்டும், கல்லுக்குக் கனிமத் துறைக்குக் கட்ட வேண்டியதைக் கட்ட வேண்டும், ஜல்லி வெளியே போக நடைச்சீட்டு வேண்டும். ரோட்டுக்காக வெட்டிய கல்தானே, நாங்களே பயன்படுத்துகிறோம் என்பது வழியில் வண்டியை நிறுத்துகிற அதிகாரியிடம் எடுபடாது.

வாடகை ஒப்பந்தத்தில் மணிக்கு இவ்வளவு, டீசல் கான்ட்ராக்டர் பொறுப்பு என்பது ஓட்டுபவருக்கு நல்லது. டன்னுக்கு இவ்வளவு என்பது கொடுப்பவருக்கு நல்லது. டன் கணக்கு என்றால் அளப்பது எப்படி என்று எழுதுங்கள். பெல்ட்டில் ஓடும் ஜல்லியை எடை போடும் பெல்ட் ஸ்கேலை மாதம் ஒருமுறை எடை மேடையோடு ஒத்துப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் குவியலை சர்வே செய்ய வேண்டும். டிப்பர் நடை எண்ணிக்கை மட்டும் வேண்டாம். மாதத்துக்குக் குறைந்தபட்ச மணி நேரம் உறுதி வேண்டும். வெடி தாமதமானாலும், கல் வராவிட்டாலும் நிற்கும் நேரம் யார் கணக்கு என்பதும், தகடு யார் செலவு என்பதும் வரியாக இருக்க வேண்டும். "நம்மளுக்குள்ள என்னங்க, பார்த்துக்கலாம்" என்று சொல்கிற கான்ட்ராக்டரிடம் இரண்டு மடங்கு எழுதி வாங்குங்கள்.

பழைய மெஷின் பார்க்கப் போகிறவர்களுக்கு: இன்ஜின் மணி மீட்டரைப் பார்த்து விலை பேசாதீர்கள், மீட்டர் மாறும். ஜா ஃப்ரேமின் அடியில் படுத்து டார்ச் அடித்து வெல்டிங் தடம் தேடுங்கள். பேரிங் ஹவுசிங் பக்கம் விரிசல் அடைத்த தடம் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். டிராக் ரோலரில் எண்ணெய் கசிவு பாருங்கள், ஒரு மணி நேரம் கல் போட்டே ஓட்டச் சொல்லி பேரிங் மீது கை வைத்துப் பாருங்கள், கை தாங்காத சூடு என்றால் காரணம் கேளுங்கள். தகடு, டாகுள் (அசையும் தாடைக்குப் பின்னால் முட்டுக் கொடுக்கும் தகடு), ஃபில்டர் எங்கே கிடைக்கும் என்று வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள். கோயம்புத்தூரிலும் ஓசூரிலும் கிரஷர் செய்கிறவர்கள் இருப்பதால் சில மாடலுக்கு பார்ட்ஸ் மறுநாள் வரும். கப்பலில் வந்த பழைய மெஷினுக்கு ஒரு சென்சாருக்காக மூன்று வாரம் நின்றதையும் பார்த்திருக்கிறேன், மாதத் தவணை அந்த மூன்று வாரத்துக்கும் சேர்த்துத்தான் வந்தது.